ஸ்ட்ரீம் பஃபர்: வாராவாரம் வரும் கேள்விகளும் பதில்களும்

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு சின்ன அறையில் நானும் இரண்டு நண்பர்களும் புரோகிராமிங் சொல்லிக் கொடுக்கிறோம். பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகள், தேசிய சேவை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருக்கும் பையன்கள், அப்புறம் வேலையை மாற்ற நினைக்கும் ஒன்றிரண்டு பெரியவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். பாயின்டர்கூட இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடுகிறது. ஆனால் "நான் எழுதச் சொன்னது ஏன் திரையில் வரவில்லை", "நான் தட்டாததை அது எப்படிப் படித்தது" என்ற இரண்டு கேள்விகள் மட்டும் ஓயவே மாட்டேன் என்கின்றன. இரண்டுக்கும் காரணம் பஃபர்தான். ஒவ்வொரு முறையும் பலகையில் எழுதி அழிப்பதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கட்டளைப் பெயர்களை நாம் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், புரியும்.

பஃபர் என்பது என்ன, அது ஏன் வேண்டும்?

உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கொண்டுபோய் அடுக்கில் வைக்கிறோம் அல்லவா (2021 செப்டம்பரிலிருந்து வைக்காவிட்டால் நடவடிக்கையும் உண்டு), அந்த அடுக்குதான் பஃபர்: ஸ்ட்ரீமில், அதாவது புரோகிராமுக்கு உள்ளேயோ வெளியேயோ போகும் பைட் ஓட்டத்தில், பைட்டுகள் சேர்ந்து காத்திருக்கும் நினைவக இடம். துப்புரவு செய்யும் ஆன்ட்டி ஒவ்வொரு தட்டுக்கும் எழுந்து கழுவுமிடத்துக்கு நடப்பதில்லை, அடுக்கு நிரம்பியதும் வண்டியில் ஏற்றி ஒரே நடையாகத் தள்ளிக்கொண்டு போகிறார். உங்கள் புரோகிராமுக்கு அந்த நடைதான் சிஸ்டம் கால். இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் போய் "இதை எழுது" என்று கேட்டுத் திரும்புவதற்குச் செலவு உண்டு, அது ஒரு எழுத்துக்கும் நாலாயிரம் எழுத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 1,00,000 எழுத்துகளை ஒவ்வொன்றாக அனுப்பினால் 1,00,000 நடை. 4096 பைட் பஃபரில் சேர்த்து அனுப்பினால் 25 நடையில் முடிந்துவிடும்.

அதனால் பஃபரை உங்களுக்கு எதிராக யாரோ வைத்த பொறி என்று நினைக்க வேண்டாம். எது நடந்தாலும் "இந்த பைட் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். கீழே வரும் எல்லாச் சிக்கலும் அந்த ஒரு கேள்வியில் அவிழும்.

எத்தனை வகை பஃபர் இருக்கிறது?

சி மொழியில் மூன்று. முழு பஃபர் என்றால் நிரம்பினால்தான் போகும். வரி பஃபர் என்றால் புதுவரிக் குறி வந்ததும் போகும். மூன்றாவது, பஃபரே இல்லாதது, எழுதியவுடன் போய்விடும். லினக்ஸில் ஸ்டாண்டர்ட் அவுட் (வழக்கமான வெளியீடு) டெர்மினலோடு (கட்டளை தட்டும் திரை) இணைந்திருந்தால் வரி பஃபர், கோப்புக்கோ பைப்புக்கோ (ஒரு புரோகிராமின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் குழாய்) திருப்பப்பட்டிருந்தால் முழு பஃபர், ஸ்டாண்டர்ட் எரருக்கு (பிழைச் செய்தி போகும் வழி) பஃபர் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மனப்பாடமே செய்துகொள்ளலாம், ஏனென்றால் ஒரே புரோகிராம் ஓர் இடத்தில் ஒழுங்காகவும் இன்னோர் இடத்தில் ஊமையாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

நொடிக்கு ஒரு புள்ளி வர வேண்டும் என்று எழுதினேன். பத்து நொடி ஒன்றுமே வரவில்லை, அப்புறம் பத்தும் மொத்தமாக வந்து விழுந்தன. ஏன் அண்ணா?

புள்ளிக்குப் பின்னால் புதுவரிக் குறி இல்லை. டெர்மினல் வரி பஃபர், வரி முடியவில்லை, அதனால் பத்துப் புள்ளியும் பஃபரிலேயே காத்திருந்தன. புரோகிராம் முடியும்போது சி நூலகம் (ஆயத்தக் கட்டளைகளின் தொகுப்பு) பஃபரைக் காலி செய்ததால் மொத்தமாக வந்தன. அச்சிடும் பிரிண்ட்எஃப் ஒவ்வொன்றுக்குப் பின்னும், பஃபரை வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷ் போட்டு, அதற்குள் ஸ்டாண்டர்ட் அவுட் என்று கொடுங்கள், சரியாகிவிடும். பைத்தானில் பிரிண்டுக்குள் ஃப்ளஷ் என்பதை ட்ரூ என்று கொடுக்கலாம், 3.3 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

"பெயரைச் சொல்லுங்கள்:" என்று கேட்டுவிட்டு, உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப் போடும்போது லினக்ஸ் டெர்மினலில் பெரும்பாலும் கேள்வி தானாகவே வந்துவிடும், உள்ளீட்டுக்காகக் காத்திருக்கப் போகும் முன் நூலகம் வரி பஃபரை வெளியே தள்ளிவிடுகிறது. ஆனால் சில எடிட்டர்களின் உள்ளே இருக்கும் கன்சோல் உண்மையில் டெர்மினல் அல்ல, பைப். அங்கே கேள்வி வராமல் பிள்ளைகள் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்கும் இடத்தில் எஃப்ஃப்ளஷ் போடுவதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள், எங்கும் ஓடும்.

டெர்மினலில் நன்றாக ஓடுகிறது, லாக் கோப்புக்குத் திருப்பினால் கோப்பு காலியாக இருக்கிறதே?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், எனக்கே நடந்தது.

சில வருடத்துக்கு முன் துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் எடை போடும் இயந்திரத்திலிருந்து எண்ணைப் படித்து லாக் எழுதும் சின்ன சி புரோகிராம் ஒன்றைக் கவனிக்கச் சொன்னார்கள். பத்து நொடிக்கு ஒரு வரி, வரிக்கு ஏறக்குறைய 40 பைட். இரவில் அது விழுந்துவிடும், காலையில் லாக்கைத் திறந்தால் கடைசி வரி 3:10 என்று காட்டும். நாங்களும் 3:10-க்கு என்ன நடந்தது, யார் எடை போட்டார்கள், எந்த வண்டி வந்தது என்று இரண்டு இரவு தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் கோப்பின் கடைசி வரி பாதியில் அறுந்திருப்பதைக் கவனித்தேன். "எடை 41" என்று நின்றுவிட்டது, அலகும் இல்லை, புதுவரியும் இல்லை. கோப்பின் அளவைப் பார்த்தால் 86,016 பைட். 4096-ஆல் வகுத்தேன், மீதியில்லாமல் 21 வந்தது. அப்போது புரிந்தது, அது 3:10-க்கு விழவே இல்லை. லாக் முழு பஃபரில் இருக்கிறது, 4096 பைட் நிரம்பினால்தான் வெளியே வரும், நூறு வரி சேரப் பதினேழு நிமிடம் ஆகும். விழுந்த நேரம் 3:10-க்கும் 3:27-க்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது, எங்களுக்கு வேண்டிய வரிகள் நினைவகத்தோடு போய்விட்டன. புரோகிராமின் ஆரம்பத்தில் வரி பஃபருக்கு மாற்றி ஒரே ஒரு வரி சேர்த்தோம், அன்று இரவே காரணம் லாக்கில் வந்து நின்றது.

ஆகவே லாக் எழுதும் புரோகிராம் என்றால் வரி பஃபர் வையுங்கள், இல்லையென்றால் ஸ்டாண்டர்ட் எரருக்கு எழுதுங்கள். புரோகிராமின் மூலநிரல் கையில் இல்லையா? லினக்ஸில் எஸ்டிடிபஃப் என்ற கட்டளை இருக்கிறது, அதன் வழியாக ஓட்டினால் வரிக்கு வரி அனுப்பச் சொல்லலாம். ஆனால் சி நூலகத்தின் ஸ்ட்ரீம்களைப் பயன்படுத்தும், டைனமிக்காக லிங்க் ஆன புரோகிராம்களுக்கு மட்டும்தான் அது வேலை செய்யும், பைத்தானுக்குப் பலிக்காது. பைத்தானுக்கு மைனஸ் யூ என்ற தேர்வு உண்டு, அல்லது பைத்தான்அன்பஃபர்ட் என்ற சூழல் மாறியை அமைக்கலாம். கன்டெய்னருக்குள் பைத்தான் ஓட்டுகிறவர்கள் லாக் வரவில்லை என்று புலம்பினால் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெய்ல் கட்டளையின் வெளியீட்டை, வேண்டிய வரியைத் தேடும் கிரெப் வழியாக இன்னொரு கட்டளைக்கு அனுப்பும்போதும் இதே கதை, கிரெப்புக்கு வரி பஃபர் தேர்வு தனியாக இருக்கிறது.

புரோகிராம் முடிந்தால் பஃபர் தானாகக் காலியாகும் என்கிறீர்கள், அப்புறம் அந்த வரிகள் ஏன் தொலைந்தன?

ஒழுங்காக முடிந்தால் காலியாகும். மெயினிலிருந்து ரிட்டர்ன் ஆனாலும் எக்சிட் அழைத்தாலும் நூலகத்துக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கிடைக்கும். செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டு) விழுந்தாலோ, கில் மைனஸ் 9 (உடனே கொல்லும் சிக்னல்) வந்தாலோ, முன்னால் அடிக்கோடு போட்ட எக்சிட்டை அழைத்தாலோ அந்த வாய்ப்பு இல்லை. கன்ட்ரோல் சி அழுத்துவதும் அப்படித்தான், நீங்களே சிக்னலைப் பிடித்துக் கையாளாவிட்டால் பஃபரில் இருந்தது போனதுதான். பிழை தேடும்போது "இந்த பிரிண்ட்எஃப் வரவில்லை, அதனால் இந்த வரிக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். அந்த வரி ஓடியிருக்கும், எழுத்து வெளியே வந்திருக்காது. பிழை தேடும் செய்தியை எப்போதும் ஸ்டாண்டர்ட் எரருக்கு எழுதுங்கள்.

எஃப்ஃப்ளஷ் போட்டால் டிஸ்க்கில் பத்திரமாக எழுதப்பட்டுவிடுமா?

இல்லை. எஃப்ஃப்ளஷ் உங்கள் புரோகிராமின் பஃபரிலிருந்து கெர்னலிடம் கொடுக்கும், அவ்வளவுதான். கெர்னல் அதைத் தன் நினைவகத்தில் வைத்திருந்து பிறகு டிஸ்க்குக்கு அனுப்பும். லினக்ஸின் இயல்பான அமைப்பில் அப்படி மாறிய பக்கங்கள் சுமார் 30 நொடி வரை காத்திருக்கலாம். இடையில் உங்கள் புரோகிராம் விழுந்தால் பரவாயில்லை, கெர்னல் எழுதிவிடும். மின்சாரம் போனால்தான் ஆபத்து. பணக் கணக்கு மாதிரி தொலையவே கூடாத விஷயம் என்றால் எஃப்ஃப்ளஷுக்குப் பின், டிஸ்க்குக்கே எழுத வைக்கும் எஃப்சிங்க் அழையுங்கள், முன்பின் மாற்றினால் பயனில்லை. எல்லா வரிக்கும் எஃப்சிங்க் போட்டால் புரோகிராம் தவழும், அதனால் எங்கே தேவையோ அங்கே மட்டும்.

வயதை ஸ்கேன்எஃப்பில் வாங்கினேன், அடுத்து ஓர் எழுத்து கேட்டேன். நிற்காமல் தாண்டிப் போய்விட்டது!

வகுப்பில் இதற்குக் காகிதத் துண்டுகளை மேசையில் வைத்துக் காட்டுவேன், நீங்களும் மனதில் வைத்துப் பாருங்கள். 25 என்று தட்டி என்டர் அழுத்தினால் பஃபருக்குள் மூன்று பைட் வரும்: 2, 5, புதுவரிக் குறி. முழு எண் கேட்கும் ஸ்கேன்எஃப் 2-ஐ எடுக்கிறது, 5-ஐ எடுக்கிறது, புதுவரியைப் பார்த்ததும் "இது எண் இல்லை" என்று அதை அங்கேயே விட்டுவிடுகிறது. இப்போது மேசையில் ஒரே ஒரு துண்டு மிச்சம். அடுத்து ஓர் எழுத்து கேட்கிறீர்கள், அந்தத் துண்டும் ஓர் எழுத்துதானே, அதைக் கொடுத்துவிடுகிறது. உங்களுக்காகக் காத்திருக்க அதற்குக் காரணமே இல்லை.

எண்ணும் சொல்லும் கேட்கும்போது முன்னால் இருக்கும் இடைவெளிகளை ஸ்கேன்எஃப் தானே தாண்டிவிடும், ஒற்றை எழுத்து கேட்டால் தாண்டாது. ஆகவே சதவீதக் குறிக்கு முன் ஓர் இடைவெளி விட்டால் போதும், "முதலில் இருக்கும் வெற்றிடம் எல்லாவற்றையும் தின்றுவிட்டு வா" என்று அதற்கு அர்த்தம்.

இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான். லூப்புக்குள் எண் கேட்கிறீர்கள், யாரோ "அஆஇ" என்று தட்டுகிறார். ஸ்கேன்எஃப் முதல் எழுத்திலேயே நின்றுவிடும், எதையும் எடுக்காது, 0 திருப்பும். லூப் மறுபடி சுற்றும், அதே எழுத்து அங்கேயே இருக்கும், மறுபடி 0. திரை முழுவதும் "எண்ணைத் தட்டுங்கள்" என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்கேன்எஃப் திருப்பும் மதிப்பைப் பார்க்காமல் நகராதீர்கள்.

அப்படியானால் எஃப்ஃப்ளஷுக்குள் ஸ்டாண்டர்ட் இன் கொடுத்து உள்ளீட்டைக் காலி செய்யலாமே? சீனியர் அப்படித்தான் செய்கிறார்.

செய்ய வேண்டாம். எஃப்ஃப்ளஷ் வெளியீட்டுக்கு உரியது. உள்ளீட்டு ஸ்ட்ரீமுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சி மொழித் தரம் வரையறுக்கவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் பழைய கம்பைலர்களில் அது உண்மையிலேயே காலி செய்தது, அந்தப் பழக்கம்தான் பாடக் குறிப்புகளில் இன்னும் சுற்றுகிறது. விஷுவல் ஸ்டுடியோ 2015 முதல் அங்கேயும் அதற்குப் பலன் இல்லை. உங்கள் சீனியரின் கணினியில் ஓடுவது உங்கள் ஆசிரியரின் லினக்ஸில் ஓடாது, மதிப்பெண் போவது உங்களுக்கு.

சரியான வழி, புதுவரியோ கோப்பின் முடிவோ வரும்வரை கெட்சாரால் ஒவ்வொன்றாக எடுத்து வீசும் சின்ன லூப். அதில் மாறியை இன்ட் ஆக வையுங்கள், கேரக்டராக வைத்தால் கோப்பின் முடிவைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். இன்னொன்று, மிச்சம் எதுவும் இல்லாதபோது இந்த லூப்பை ஓட்டினால் பயனர் ஒரு என்டர் அழுத்தும்வரை அது நிற்கும், "தொங்கிவிட்டது" என்று சொல்வீர்கள்.

நேர்மையாகச் சொன்னால் எனக்கு இந்தச் சுத்தம் செய்கிற வேலையே பிடிக்காது. எஃப்கெட்ஸால் ஒரு வரியை முழுதாக எடுத்துவிடுங்கள், அப்புறம் அந்த வரிக்குள் எஸ்ஸ்கேன்எஃப் அல்லது எஸ்டிஆர்டோல் வைத்து எண்ணைத் தேடுங்கள். பயனர் தட்டுவது வரி வரியாகத்தானே, நாமும் அப்படியே எடுத்தால் மிச்சம் என்ற பேச்சே பெரும்பாலும் வராது. வரி உங்கள் அரேயைவிட நீளமாக இருந்தால் மட்டும் மீதி பஃபரில் நிற்கும், கடைசி எழுத்து புதுவரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கெட்ஸ் என்ற பழைய கட்டளையைத் தொடாதீர்கள். எவ்வளவு இடம் இருக்கிறது என்றே கேட்காமல் கொட்டிவிடும். 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மாரிஸ் புழு உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று அதுதான். 2011-இல் வந்த சி தரத்தில் அதை எடுத்தே விட்டார்கள்.

சி++ல் சி-இன் போட்டு எண் வாங்கிய பிறகு கெட்லைன் வெற்று வரி தருகிறது.

அதே மிச்சப் புதுவரி. கெட்லைனுக்கு முன் சி-இன்னின் இக்னோரைப் பயன்படுத்திப் புதுவரிவரை வீசுங்கள், அல்லது டபிள்யூஎஸ் போட்டு வெற்றிடத்தை விழுங்குங்கள். எண்ணுக்குப் பதில் எழுத்து வந்து சி-இன் தோல்வி நிலையில் மாட்டினால் முதலில் கிளியர், பிறகு இக்னோர். கிளியர் இல்லாமல் இக்னோர் ஒன்றும் செய்யாது. ஜாவாவில் ஸ்கேனரின் நெக்ஸ்ட்இன்ட்டுக்குப் பிறகு நெக்ஸ்ட்லைன் வெறுமையாக வருவதும் இதேதான், தனியாக எழுதவில்லை.

சி++ல் எண்ட்-எல் போடாதே என்று போட்டிக்குப் போகிற பிள்ளைகள் சொல்கிறார்களே?

எண்ட்-எல் இரண்டு வேலை செய்கிறது, புதுவரி எழுதுகிறது, ஃப்ளஷும் செய்கிறது. லட்சம் வரியை இப்படிக் கோப்புக்கு எழுதினால் லட்சம் நடை. புதுவரிக் குறியை மட்டும் எழுதினால் பஃபர் தன் வேலையைப் பார்க்கும். தகவலியல் ஒலிம்பியாட் மாதிரி நேரக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் சி-இன்னை சி-அவுட்டிலிருந்து அவிழ்த்துவிடுவது, சி நூலகத்தோடு ஒத்திசைவை நிறுத்துவது என்ற இரண்டு வரியையும் சேர்ப்பார்கள், உள்ளீடு பெரிதாக இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் ஒத்திசைவை நிறுத்திய பிறகு பிரிண்ட்எஃப்பையும் சி-அவுட்டையும் கலந்து எழுதினால் வரிகள் முன்பின்னாக வரும். நீதிபதிப் புரோகிராமோடு கேள்வி பதிலாகப் பேசும் கணக்குகளில் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் ஃப்ளஷ் கட்டாயம், இல்லையென்றால் அது உங்களுக்காகவும் நீங்கள் அதற்காகவும் காத்துக்கொண்டே இருப்பீர்கள்.

ஃபோர்க் செய்தேன் (ஓடும் புரோகிராமை நகலெடுத்து இன்னொன்றையும் ஓடவிட்டேன்), ஒரே வரி இரண்டு முறை அச்சாகிறது. ஃபோர்க்குக்கு முன்னால்தானே எழுதினேன்?

எழுதினீர்கள், ஆனால் அது பஃபரில் இருந்தது. ஃபோர்க் முழு நினைவகத்தையும் நகல் எடுக்கும்போது அந்த பஃபரும் நகலாகிறது, தாயும் பிள்ளையும் தனித்தனியாக வெளியே தள்ளுகின்றன. டெர்மினலில் புதுவரியோடு எழுதினால் தெரியாது, கோப்புக்குத் திருப்பினால் இரண்டு வரும். ஃபோர்க்குக்கு முன் ஃப்ளஷ் செய்யுங்கள்.

பைத்தானிலிருந்து இன்னொரு புரோகிராமை ஓட்டினேன். சின்ன வெளியீடு என்றால் முடிகிறது, பெரியது என்றால் அப்படியே நிற்கிறது.

லினக்ஸில் பைப்புக்கு இயல்பான கொள்ளளவு 65,536 பைட். நீங்கள் பைப்பைப் படிக்காமல் அந்தப் புரோகிராம் முடியட்டும் என்று வெய்ட்டில் காத்திருக்கிறீர்கள், பைப் நிறைந்துவிட்டதால் அது நீங்கள் படிக்கட்டும் என்று காத்திருக்கிறது. இருவரும் நகர மாட்டீர்கள். வெய்ட்டுக்குப் பதில் கம்யூனிகேட் பயன்படுத்துங்கள், வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் அது சேர்த்தே படித்துக்கொண்டிருக்கும்.

தொல்லையே வேண்டாம், பஃபரை நிறுத்திவிடலாமா?

செட்விபஃப் வைத்து நிறுத்தலாம், அளவையும் வகையையும் மாற்றலாம். ஸ்ட்ரீமைத் திறந்த பிறகு, அதில் வேறு எதையும் செய்யும் முன்னால் அழைக்க வேண்டும். பஃபருக்கு உங்கள் சொந்த அரேயைக் கொடுத்தால் அதை மெயினுக்குள் சாதாரண மாறியாக வைக்காதீர்கள். மெயின் முடிந்ததும் அரே போய்விடும், கடைசி ஃப்ளஷ் அதற்குப் பிறகுதான் நடக்கும். ஸ்டாட்டிக்காக வையுங்கள், அல்லது நல் கொடுத்து நூலகத்தையே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முழுவதும் நிறுத்துவதை நான் சொல்ல மாட்டேன். லாக்குக்கு வரி பஃபர், பெரிய கோப்புக்கு முழு பஃபர், பிழைச் செய்திக்கு மட்டும் பஃபர் இல்லாதது. இதற்கு மேல் மாற்ற வேண்டிய தேவை எனக்கு மிக அரிதாகத்தான் வந்திருக்கிறது.

ஸ்டாண்டர்ட் இன்னுக்கு பஃபரை நிறுத்தினேன். அப்போதும் என்டர் அழுத்தினால்தான் எழுத்து வருகிறது.

அது உங்கள் பஃபர் இல்லை. டெர்மினலுக்குக் கெர்னலில் தனியாக ஒரு வரி பஃபர் இருக்கிறது, பேக்ஸ்பேஸ் வேலை செய்வதே அதனால்தான். எஸ்டிடிஒய் கட்டளையாலோ டெர்மியாஸ் அழைப்பாலோ அந்த வரி முறையை நிறுத்த வேண்டும், முடிந்ததும் பழையபடி மாற்றிவிட வேண்டும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். லினக்ஸில் சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் என்ற கருவியை நிறுவி, கெர்னலிடம் எழுதச் சொல்லும் ரைட் அழைப்புகளை மட்டும் காட்டச் சொல்லி, மேலே சொன்ன பத்துப் புள்ளி புரோகிராமை ஓட்டுங்கள். எஃப்ஃப்ளஷ் இல்லாமல் ஒரு முறை: பத்து நொடி கழித்து ஒரே ஒரு ரைட், அதற்குள் பத்துப் புள்ளி. எஃப்ஃப்ளஷோடு ஒரு முறை: நொடிக்கு ஒன்றாகப் பத்து ரைட், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. சனிக்கிழமை வரும்போது லினக்ஸ் உள்ள மடிக்கணினியைக் கொண்டுவாருங்கள், சேர்ந்தே பார்க்கலாம்.